தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?

‘சிபாரிசு’ என்ற வார்த்தைக்கு நம் ஊரில் நல்ல பெயர் கிடையாது. ‘அவன் சிபாரிசுல வந்தவன்’ என்று யாராவது சொன்னால், அந்த ஒரு வரிக்குள் இரண்டு குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. ஒன்று, அவனுக்குத் தகுதி இல்லை. இரண்டு, தகுதியுள்ள இன்னொருத்தன் அவனால் வெளியே நிற்கிறான்.

அதே வேலையை ‘ரெஃபரல்ல கிடைச்சது’ என்று சொல்லிப் பாருங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ‘அப்படியா, எந்தக் கம்பெனி? என் தம்பிக்கும் ஒண்ணு போட்டுவிட முடியுமா?’ என்றுதான் கேட்பார்கள்.

வார்த்தையை மாற்றினால் பாவம் புண்ணியமாகிவிடுமா? இல்லை, இரண்டும் உண்மையிலேயே வேறு வேறா? சாதாரணக் கேள்வி மாதிரி தெரிந்தாலும், படித்து முடித்துவிட்டு செல்போனை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான பிள்ளைகளின் மனசை அறுக்கிற கேள்வி இது.

எனக்கு இதைப் புரியவைத்தவன் உத்தமபாளையத்துப் பையன் ஒருவன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் பேச்சு வாக்கில் பழக்கமானவன். பி.காம். முடித்திருந்தான். நானும் அதே பி.காம். என்பதால் சட்டென்று ஒட்டிக்கொண்டான்.

“அண்ணே, எல்லாரும் லிங்க்ட்இன்ல அக்கவுன்ட் ஆரம்பிங்கன்னாங்க. ஆரம்பிச்சுட்டேன். நூறு பேருக்கு ரிக்வெஸ்ட் அனுப்புன்னாங்க. அனுப்பிட்டேன். பாதிப் பேர் ஏத்துக்கிட்டாங்க. இப்ப அவங்களுக்கு மெசேஜ் போட்டு வேலை கேக்கணுமாம். அதுக்குத்தாண்ணே கை வர மாட்டேங்குது. முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட கேக்குறது, கையேந்துற மாதிரி இல்லையா?”

பக்கத்தில் இருந்த பெரியவர் சிரித்தார். “வேலைக்குத்தானே கேக்குற? சோத்துக்கா கேக்குற?” என்றார். பையன் சிரிக்கவில்லை.

அவன் கேள்வி நியாயமானது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல, முதலில் அந்தப் பள்ளத்தாக்கையே கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம் மெட்டு, குமுளி, போடி மெட்டு என்று மலைப்பாதைகளில் ஏறி, கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வரும். பெரும்பாலும் பெண்கள். அந்த ஜீப்பில் ஏற யாரும் பயோடேட்டா கொடுப்பதில்லை. ஏற்கெனவே போகிற ஓர் அக்காவோ அத்தையோ ‘இவ நம்ம புள்ள, நல்லா வேலை செய்வா’ என்று சொன்னால் போதும். அந்தச் சொல்தான் விண்ணப்பம், அதுதான் நேர்முகத் தேர்வு.

இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைக்கும் மலேயாவுக்கும் தோட்ட வேலைக்கு நம் ஜனங்கள் போனார்களே, அவர்களில் பெரும்பகுதியைத் திரட்டியவர் யார்? கங்காணி. அவர் வேற்று ஆள் இல்லை. அதே ஊர்க்காரர், பல நேரம் சொந்தக்காரர். தன் கிராமத்துக்கு வந்து, ‘நான் இருக்கேன், வாங்க’ என்று கூட்டிப் போனார். ஜனங்கள் தோட்டத்து துரையை நம்பிப் போகவில்லை, கங்காணியின் சொல்லை நம்பிப் போனார்கள்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருந்தது. வழிச் செலவுக்குக் கொடுத்த முன்பணம் தொழிலாளியின் கடனாக ஏறியது. கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு. இலங்கையில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் ‘துண்டு’ என்ற சீட்டு வேண்டும். இந்த ஆள் இவ்வளவு கடன் பாக்கி, கட்டினால் விடுவிக்கிறோம் என்று அதில் எழுதியிருக்கும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் மட்டும் கூடவே போகும். 1921-ல்தான் அந்தத் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

ஆக, ‘தெரிஞ்சவங்க மூலமா வேலை’ என்பதற்கு நம்மிடம் இரண்டு முகமும் உண்டு. ஒரு சொல்லால் அடுப்பு எரிந்த வீடுகளும் உண்டு. ஒரு சொல்லால் தலைமுறைக்கும் கடனாளியான குடும்பங்களும் உண்டு.

இப்போது கொஞ்சம் அமெரிக்காவுக்குப் போய்விட்டு வருவோம். பயப்படாதீர்கள், உடனே திரும்பிவிடலாம்.

மார்க் கிரனோவெட்டர் என்று ஒரு சமூகவியலாளர். பாஸ்டன் பக்கத்தில் நியூட்டன் என்கிற ஊரில், சமீபத்தில் வேலை மாறிய உத்தியோகஸ்தர்களைப் பிடித்து ‘இந்த வேலை உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?’ என்று கேட்டார். பாதிக்கும் மேற்பட்டவர்கள் தெரிந்தவர் மூலம் என்றார்கள். இதில் ஆச்சரியம் இல்லை. ‘அந்தத் தெரிந்தவரை எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்ப்பீர்கள்?’ என்று அடுத்துக் கேட்டார். அங்கேதான் விஷயம். அடிக்கடி பார்ப்பவர் மூலம் வேலை கிடைத்தவர்கள் 17 சதவிகிதம்கூட இல்லை. மீதி 83 சதவிகிதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு உதவியது, எப்போதாவது பார்க்கிற ஆட்களும் அபூர்வமாகப் பார்க்கிற ஆட்களும்தான். ‘உங்க ஃப்ரெண்டா?’ என்று கேட்டால், ‘இல்லைங்க, தெரிஞ்சவர், அவ்வளவுதான்’ என்று அவர்களே திருத்தினார்களாம். 1973-ல் அவர் இதைக் கட்டுரையாக எழுதினார்.

காரணம் எளிமையானது. உங்கள் நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். ஒரே டீக்கடை, ஒரே பேச்சு. எப்போதோ ரயிலில் சந்தித்தவருக்குத்தான் நீங்கள் கேள்விப்படாத இடம் தெரியும்.

லிங்க்ட்இன் இந்த ‘அரைகுறையாகத் தெரிந்தவர்களை’ ஒரே இடத்தில் அடுக்கிவைத்த கடை. 2003 மே மாதம் திறந்தது. இன்று இந்தியாவில் மட்டும் 10 கோடிப் பேருக்கு மேல் அதில் இருக்கிறார்கள். கிரனோவெட்டர் சொன்னது சரிதானா என்று அந்த நிறுவனத்தின் தகவல்களை வைத்தே 2 கோடிப் பேரிடம் 5 வருஷம் சோதித்துப் பார்த்து, 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஓரளவு தெரிந்தவர்கள்தான் அதிகம் பயன்படுகிறார்கள் என்று வந்தது. சுத்தமாக ஒட்டுறவே இல்லாதவர்களாலும் பெரிய பயனில்லை, ரொம்ப நெருக்கமானவர்களாலும் இல்லை. (யாரை யாருக்கு அறிமுகம் காட்டுவது என்று அந்த 2 கோடிப் பேரிடம் ஆளுக்கு ஒரு விதமாக மாற்றிப் பார்த்துத்தான் சோதித்தார்கள். ‘உங்களை வைத்துச் சோதனை நடக்கிறது’ என்று யாரிடமும் தனியாகச் சொல்லவில்லை. அது ஒரு தனிப் பஞ்சாயத்து.)

சரி, இதில் உத்தமபாளையத்துப் பையனுக்கு என்ன பிரச்னை?

முல்லைப் பெரியாறு தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கு தலைமடை. 1895-ல் அணை முடிந்து, மேற்கே ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பியதிலிருந்து, முதலில் நனைவது இவர்கள் வயல். மதுரை தாண்டி மேலூர் பக்கம் இருப்பவர்கள் கடைமடை. தண்ணீர் வருமா, வராதா என்று வானத்தையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்.

வேலை விஷயத்தில் இது தலைகீழ். சென்னையில் ஒரு அபார்ட்மென்ட்டில் வளரும் பையனுக்கு மாடியில் ஒரு ஆடிட்டர், எதிர் வீட்டில் ஒரு பேங்க் மேனேஜர், அப்பாவின் வாக்கிங் நண்பர் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய ஆள். அவன் யாரிடமும் கேட்க வேண்டியதே இல்லை. ‘தம்பி என்ன பண்றான்?’ என்று அவர்களே கேட்பார்கள். அவன் தலைமடை. அவன் வீட்டில் இதற்குப் பெயர் சிபாரிசு இல்லை, ‘பழக்கம்’.

உத்தமபாளையத்துப் பையனுக்குத் தெரிந்தவர்கள் இல்லையா? நிறையப் பேர் உண்டு. திராட்சைத் தோட்டக்காரர் தெரியும். ஏலக்காய் வியாபாரி தெரியும். ஜீப் டிரைவர் தெரியும். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் உதவுவார்கள். ஆனால், அவர்கள் காட்டக்கூடிய கதவுகள் எல்லாம் அதே பள்ளத்தாக்குக்குள்தான் திறக்கின்றன. ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956-ல் உத்தமபாளையத்துக்கு வந்தது. பட்டம் உள்ளூருக்கே வந்துவிட்டது. பட்டத்தைப் பார்த்து வேலை கொடுப்பவர்களின் பழக்கம் மட்டும் அதே வேகத்தில் வரவில்லை.

நெருங்கிய உறவுகளே வேலைக்கு வழியாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு பம்பாயில் ஒரு பாடம் இருக்கிறது. கைவன் முன்ஷி, மார்க் ரோசன்ஸ்வெய்க் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் தாதர் பகுதிப் பள்ளிகளை ஆராய்ந்து 2006-ல் எழுதினார்கள். தொழிலாளர் சாதிகளைச் சேர்ந்த குடும்பங்களில் பையன்களுக்கு மாமா, சித்தப்பா என்று சாதிச் சொந்தம் வழியாக வேலை காத்திருந்தது. அதனால் அவர்களை மராத்தி மீடியத்திலேயே போட்டார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்தச் சொந்தத்தின் வழியாக வேலை எதுவும் காத்திருக்கவில்லை. அவர்கள் இங்கிலீஷ் மீடியம் பக்கம் வேகமாகப் போனார்கள். 90-களில் பொருளாதாரம் திறந்துகொண்டபோது, உதவி இல்லாத பெண் பிள்ளைகள் முன்னே போனார்கள். உதவி இருந்த பையன்கள் பழைய இடத்திலேயே நின்றார்கள். கை கொடுத்த கையே காலைக் கட்டிப்போட்டுவிட்டது.

இங்கே சிலர் கேட்பார்கள்: ‘எதுக்கு சார் இந்தப் பழக்க வழக்கமெல்லாம்? பரீட்சை வை. மார்க் எடுத்தவனுக்கு வேலை கொடு. முடிஞ்சுபோச்சு!’

நல்ல யோசனை. நாம் அதை ரொம்ப முன்னாடியே செய்தவர்கள். இந்தியாவில் மாகாண அளவில் முதல் தேர்வாணையம் 1929-ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. இன்றைய டி.என்.பி.எஸ்.சி.யின் மூலம் அதுதான். யாரையும் தெரியாத வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்தது அதனால்தான். சர்க்கார் வேலையில் பரீட்சைக்கு ஈடாக ஒரு நியாயம் கிடையாது. அங்கே சிபாரிசு நுழைந்தால் அது திருட்டுதான். சந்தேகமே வேண்டாம்.

ஆனால், சர்க்கார் வேலை எத்தனை பேருக்கு? மீதி அத்தனை பேரும் தனியார் கதவைத்தான் தட்ட வேண்டும். அங்கே பயோடேட்டா மட்டும் பேசட்டும் என்று விட்டுவிட்டால் நியாயம் கிடைத்துவிடுமா? சுக்தேவ் தோரட், பால் அட்வெல் என்ற இருவர் இதையும் பார்த்துவிட்டார்கள். பேப்பரில் விளம்பரம் கொடுத்த தனியார் கம்பெனிகளுக்கு ஒரே மாதிரித் தகுதியுள்ள விண்ணப்பங்களை, பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். முடிவு 2007-ல் வந்தது. மேல்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்குக் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. படிப்பு அதே, அனுபவம் அதே. பெயர்தான் வேறு.

அதாவது, யாரும் யாருக்கும் சிபாரிசு செய்யாதபோதும் ஒரு சிபாரிசு நடந்துகொண்டுதான் இருக்கிறது. அது சத்தம் போடாது. பிறந்த வீடு, வளர்ந்த தெரு, பேசுகிற இங்கிலீஷ் எல்லாம் சேர்ந்து சிலருக்காக முன்கூட்டியே போய்ப் பேசிவிட்டு வந்துவிடும். தலைமடைக்காரன் ‘சிபாரிசு கூடாது, தகுதிதான் முக்கியம்’ என்று சொல்லும்போது, அவன் வயலில் ஏற்கெனவே தண்ணீர் நிற்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

இதனால்தான், முகம் தெரியாதவருக்கு மெசேஜ் அனுப்பும் அந்தப் பையன் செய்வது தப்பில்லை என்கிறேன். மற்றவர்களுக்குப் பிறப்பிலேயே கிடைத்ததை அவன் வாய் திறந்து கேட்டுப் பெறுகிறான். கேட்காமலே கிடைப்பவன் கௌரவஸ்தன், கேட்டு வாங்குபவன் கையேந்துபவன் என்றால், அது என்ன நியாயம்?

ஆனால், கேட்பதிலும் ஒரு தர்மம் இருக்கிறது. இங்கேதான் எனக்கு என் பி.காம். கைகொடுக்கிறது.

கணக்குப் பதிவியலில் ‘குட்வில்’ என்று ஒரு சொத்து உண்டு. தமிழ்ப் பாடப் புத்தகத்தில் அழகாக ‘நற்பெயர்’ என்று போட்டிருப்பார்கள். இதில் ஒரு விசித்திரமான விதி. ஒரு நிறுவனம் தானே உழைத்துச் சம்பாதித்த நற்பெயரைப் புத்தகத்தில் சொத்தாகக் காட்ட முடியாது. இன்னொரு நிறுவனத்தை வாங்கும்போது விலை கொடுத்து வாங்கிய நற்பெயரை மட்டும்தான் காட்டலாம். 2016-ல் மைக்ரோசாஃப்ட், லிங்க்ட்இன்னை வாங்குவதாக அறிவித்தபோது பேசிய விலை 2,620 கோடி டாலர். அதில் 1,600 கோடி டாலருக்கு மேல் ‘நற்பெயர்’ கணக்கில்தான் எழுதப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். கோடிக்கணக்கானவர்கள் ‘எனக்கு இவரைத் தெரியும்’ என்று கோத்துவைத்த சங்கிலி இல்லாவிட்டால் அந்த விலைக்கு ஏது அர்த்தம்? நமக்குச் சொந்தமான பழக்கத்தை நம் கணக்கில் எழுத வழியில்லை. அடுத்தவர் கணக்கில் அது கோடிகளாக ஏறிவிட்டது.

ஒருவர் உங்களுக்காகப் பேசும்போது எடுத்துக் கொடுப்பதும் இந்த நற்பெயரிலிருந்துதான். அது அவருடைய சேமிப்பு. பத்து வருஷம் ஒழுங்காக வேலை பார்த்து, சொன்ன சொல் தவறாமல் சேர்த்தது. அதில் ஒரு பிடி அள்ளி உங்களுக்குக் கடன் கொடுக்கிறார். நீங்கள் சொதப்பினால் நஷ்டம் அவருக்கு. ‘யாரு இவனைக் கொண்டாந்தது?’ என்றுதான் ஆபீஸில் கேட்பார்கள்.

அதனால் கேட்பவன் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று ஒரு கோடு போட முடியும். ‘உங்க கம்பெனியில இந்த வேலைக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்?’ என்று கேட்கலாம். அது வழி கேட்பது. ‘என் பயோடேட்டாவை ஒரு தடவை பார்த்துட்டு, சரின்னு பட்டா மேல அனுப்ப முடியுமா?’ என்று கேட்கலாம். அது பார்வை கேட்பது. என்னைத் தெரியாமலே ‘இவன் கெட்டிக்காரன்னு சொல்லுங்க’ என்று கேட்கக் கூடாது. அது அவரைப் பொய் சாட்சிக்கு அழைப்பது. என்னையும் மற்றவர்களோடு வரிசையில் நிற்கவிடு என்பது உரிமை. வரிசையை எனக்காகக் கலைத்துவிடு என்பது அநியாயம். ரெஃபரலுக்கும் சிபாரிசுக்கும் உள்ள வித்தியாசம் வார்த்தையில் இல்லை, இந்தக் கோட்டில் இருக்கிறது. ரெஃபரல் என்ற பெயரிலேயே கோட்டைத் தாண்டுபவர்கள் உண்டு. சிபாரிசு என்ற பெயரில் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கும் பெரியவர்களும் உண்டு.

கொடுப்பவருக்கும் தர்மம் இருக்கிறது. இன்று பல கம்பெனிகளில் ஆளைக் கொண்டுவந்து சேர்த்தால் ஊழியருக்கு ஊக்கத்தொகை. கங்காணியின் தலைக்காசு கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். வாங்குவது தப்பில்லை. அந்தக் காசுக்காக யாரென்றே தெரியாத ஆளுக்கு ‘நன்றாகத் தெரியும்’ என்று எழுதினால் தப்பு. வந்து சேர்ந்தவனை ‘என்னாலதானே வந்தே?’ என்று ஆயுசுக்கும் குத்திக்காட்டினால், அது பழைய துண்டுச் சீட்டு. அரசாங்கம் ஒழித்ததை நாம் மறுபடி எழுத வேண்டாம்.

பெயரே இல்லாதவன் பெயரைக் கடன் கொடுக்க வந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள், மியான்மரின் மியாவாடிப் பக்கம் இணைய மோசடிக் கும்பல்களிடம் மாட்டிக்கொண்டார்கள். அரசு தலையிட்டு மீட்டு வரவேண்டியிருந்தது. ஜீப்பில் ஏற்றிவிட்ட அக்காவை அடுத்த நாள் தெருவில் பார்க்கலாம், சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். திரையில் வந்தவரை எங்கே போய்த் தேடுவது? நமக்கு வேலை சொல்கிற ஆளுக்கு, அது பொய்யானால் இழப்பதற்கு ஏதாவது இருக்கிறதா? இல்லாவிட்டால் அவர் சொல்லுக்கு மதிப்பு இல்லை.

கடன் வாங்கியாயிற்று. திருப்பிக் கட்டுவது எப்படி? கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுக்க முடியாது. அவர் உங்களிடம் வேலை கேட்டு வரப்போவதில்லை. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பினாலும் கணக்கு நேராகாது. இந்தக் கடனுக்கு ஒரே வழிதான். அடுத்து கேட்டு வருபவன் கணக்கில் வரவு வைப்பது.

ஆகவே, இந்தக் கட்டுரை உண்மையில் அந்தப் பையனைவிட, இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான். உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் செல்போனில் முகம் தெரியாத யாரோ ஒரு பிள்ளை தப்பும் தவறுமான இங்கிலீஷில் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று ஆரம்பித்து ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கலாம். அது பல நாளாகத் திறக்கப்படாமல் கிடக்கலாம். அந்த நாலு வரியை அனுப்ப அந்தப் பிள்ளை எத்தனை தடவை எழுதி எத்தனை தடவை அழித்ததோ!

வேலை வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லவில்லை. அது உங்கள் கையில் இல்லை. ‘இப்போ இடம் இல்லப்பா, இந்த ரெண்டு விஷயத்தைக் கத்துக்கோ’ என்று ஒரு வரி எழுத ஒரு நிமிஷம் போதும். தகுதி இருக்கிறது என்று பட்டால், ‘எனக்கு இவரை நேரில் தெரியாது, ஆனா வேலையைப் பார்த்தேன், நல்லா இருக்கு’ என்று உள்ளதை உள்ளபடி எழுதி மேலே அனுப்பலாம். அதில் பொய்யும் இல்லை, அநியாயமும் இல்லை.

விவசாயிக்கு இது தெரியும். தன் வயலுக்குப் பாய்ந்து முடிந்ததும் மடையை மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். கீழே ஒருத்தன் மண்வெட்டியோடு காத்திருப்பான்.